இரண்டு முள்ளும் சேரும்வரை

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் முதலில் ஒரு பெண் பேசுவாளே, எலும்பு மருத்துவருக்கு ஒன்றை அழுத்தவும், குழந்தை மருத்துவருக்கு இரண்டை அழுத்தவும் என்று, அவள் எங்கே உட்கார்ந்து பேசுகிறாள் என்று நாம் யாரும் யோசித்ததில்லை. யோசிக்கிற நிலையில் நாம் அந்த நம்பருக்குப் போன் செய்வதுமில்லை. இந்தக் கதையில் வருகிறவள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினாள்.

ஆசைப்பட்டு ஒன்றும் உள்ளே போகவில்லை. முதல் தடவை சமையலறையில் வைத்துப் பதிவு செய்தாள். நாற்பத்தைந்து வரியிலும் ஃபிரிட்ஜ் கூடவே முனகியது. இரண்டாம் தடவை படுக்கையறையைத் தாழ்போட்டுக்கொண்டு செய்தாள். முப்பத்தோராவது வரி, தயவுசெய்து காத்திருக்கவும், எங்கள் மருத்துவர் விரைவில் உங்களிடம் பேசுவார் என்பது. அது முடிந்த கையோடு கதவுக்கு வெளியிலிருந்து, ‘அம்மா, முடிச்சுட்டேன், வந்து கழுவி விடு’ என்று ஒரு குரல், எந்தப் பயிற்சியும் இல்லாமல் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது. அனுப்பும்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் காதில் ஏறுவதே இல்லை. ஆபீஸ்களுக்கு இந்த மாதிரிக் குரல்களைச் சேர்த்துக் கொடுக்கும் சவுண்டுக்காரர் கவனித்துவிட்டார். நல்ல மனுஷர். சிரிக்காமல், நோயாளிகள் குழம்பிப்போவார்கள் மேடம் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாய்ப்பும் அவரே கொடுத்தார். ஆனால் கறாராக. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்களோடு அவருக்குக் கூட்டம். அதற்குள் பதிவு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இன்னொரு அம்மாவின் குரல் கையில் தயாராக இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இதில் இவளுக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியவள் பிறந்ததும் அந்த வேலையை விட்டாள். அதற்கப்புறம் ஏழு வருஷமாக அவள் ஆரம்பித்த ஒரு வாக்கியமும் முற்றுப்புள்ளியைப் பார்க்கவில்லை. பாதியில் யாராவது விழுவார்கள், எதையாவது மூக்கில் போட்டுக்கொள்வார்கள், இல்லை, அவளுக்கே என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துபோகும். இதுவும் கைநழுவினால் இந்த வீட்டுச் சுவருக்கு வெளியே கேட்கிற குரல் இனித் தனக்கு இல்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அழ நேரம் கிடையாது.

படுக்கையறையில் இருந்த அந்த அலமாரி, வீட்டை வாடகைக்கு விட்டவருடையது. நகர்த்த முடியாத கனம், ஆள் உயரம், உள்ளே கீழ்த்தட்டை எடுத்துவிட்டால் ஒருத்தி சம்மணம் போட்டு உட்காரலாம். தொங்குகிற துணிகள் சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். பின்பலகையில் இரண்டு துவாரம் இருந்ததால் மூச்சு முட்டாது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவள் கணவனுக்கு இந்த ஏற்பாட்டைக் கேட்டு ஒரே சிரிப்பு. ஊரெல்லாம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களை நான் இழுத்து வெளியே விடுகிறேன், நீ தானாகப் போய் உட்காருகிறாயா என்றான். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கென்ன, சிரித்துவிட்டுப் போக ஒரு வாசல் இருக்கிறது.

மீதி இருந்த பிரச்சினை இரண்டு கால்களில் நடப்பது, அதுவும் இரண்டு. பெரியவளுக்கு ஏழு வயது. எதற்கும் நியாயம் பேசுவதால் வீட்டில் பெயர் வக்கீல். சின்னவளுக்கு மூன்று. எந்த இடுக்கிலும் நுழைவதால் சுண்டெலி. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். லீவு விடுகிறவர்களுக்குக் குழந்தை உண்டா என்று அவளுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

அவள் அலமாரிக்குள் வரிகளைச் சொல்லிப் பழகும்போது சுண்டெலி வெளியே நின்று பதில் சொன்னாள். அவசர உதவி தேவைப்பட்டால் ஒன்பதை அழுத்தவும் என்றால், ‘சரி’ என்று கதவை ஒன்பது முறை அழுத்தினாள். அதனால் புதன்கிழமை ஒரு சட்டம் போடப்பட்டது. உள்ளேயிருந்து அம்மா என்ன சொன்னாலும் அது வேலை. பதில் சொல்லக் கூடாது, கதவைத் தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் மேலே ஒன்றாகச் சேரும்வரை. கடிகாரம் பார்க்க அப்போதுதான் படித்திருந்த வக்கீல் தலையாட்டினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளுக்கு ஒத்திகை பார்க்கத் தோன்றியது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தேன் ஒழுகும் குரலில், ‘கண்ணுங்களா, அம்மா வேலை முடிஞ்சிடுச்சு, கதவத் தொறங்க’ என்றாள். இரண்டு பேரும் ஓடிவந்து திறந்தார்கள். பார்த்தீர்களா, ஏமாந்துவிட்டீர்கள், இப்படித்தான் நாளைக்கும் கேட்பேன், அழுதுகூடக் கேட்பேன், அப்போதும் திறக்கக் கூடாது என்றாள். சுண்டெலி சிரித்தாள். வக்கீல் சிரிக்கவில்லை, முகம் சிவந்துபோயிற்று. ஏமாந்தது அவளுக்கு மானப் பிரச்சினை. அந்த முகத்தைப் பார்த்தபோதே அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அன்று தன் சாமர்த்தியத்தில் ஒரு மயக்கம்.

வியாழன் காலை பத்தரைக்குப் போனைக் கார்ட்டூனோடு பிள்ளைகள் கையில் கொடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, சவுண்டுக்காரர் கொடுத்த கையடக்கப் பதிவுக் கருவியோடு உள்ளே போனாள். வெளிச்சத்துக்குக் கதவை விரலளவு திறந்தே வைத்திருந்தாள். அந்த இடுக்கை வக்கீல் பார்த்தாள். இடுக்கு இருந்தால் சத்தம் உள்ளே போகும், சத்தம் போனால் அம்மா வேலை கெடும். கதவை மெல்லத் தள்ளிச் சாத்தி, கதவிலேயே தொங்கிய சாவியை ஒரு திருப்புத் திருப்பினாள். உள்ளே அப்போது எலும்பு மருத்துவருக்கு ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தத்துக்காக முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது என்று மட்டும் நினைத்தாள், சாவிச் சத்தம் என்று தோன்றவில்லை.

பதிவு அபாரமாக வந்தது. இருட்டில் கருவியின் சின்ன வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி, தடுமாறாமல், பழைய பஸ் நிலையக் குரலில். நாற்பத்தைந்து வாக்கியங்களுக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. முடித்தபோது கருவியில் மணி பதினொன்று இரண்டு. அவளுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். தோளைக் கொடுத்தாள். முட்டியும் மரத்துப்போயிருந்தது. சரி, பிள்ளைகள் விளையாட்டாகச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்து, சாதாரணமாக, ‘வக்கீலு, கதவு மாட்டிக்கிச்சு. தொற’ என்றாள்.

வெளியே ஒரு குசுகுசுப்பு. வக்கீல் தங்கையிடம் சொல்வது துணிகளைத் தாண்டி மெதுவாகக் கேட்டது. “பேசாத சுண்டெலி. அம்மா நம்மள டெஸ்ட் பண்றா.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏழு வருஷமாகப் பல்லைத் தேய், செருப்பைக் கழற்றி ஓரமாக வை, தட்டை எடுத்துத் தொட்டியில் போடு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் ஒன்றையும் காதில் வாங்காத பெண், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள். அதற்கு இந்த நாளைத்தானா பார்த்து எடுத்தாள் என்று நினைத்தாள். பிறகு கொஞ்சினாள். அடுத்து அதட்டினாள். வேலை முடிந்தது, இது நிஜம் என்று விளக்கினாள். ஒத்திகையில் சொன்ன அதே வார்த்தை என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் அழுவது போலக்கூடப் பேசினாள், அதையும் நேற்றே சொல்லி வைத்திருந்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, அதை நன்றாகத் தட்டியும் விட்டிருக்கிறாள்.

பதினொன்று இருபது. கம்ப்யூட்டர் கிழம், எழுந்து உட்காரவே இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். பதிவை அனுப்ப ஐந்தாறு நிமிஷம். பன்னிரண்டுக்குக் கதவு திறந்தால் நூலிழையில் தப்பலாம். ஆனால் வக்கீல் முள்ளைச் சரியாகப் பார்ப்பாளா? போன வாரம் ஆறரையை ஒன்பது என்று சாதித்து, ஒன்பதுதான் என்று அழுதும் காட்டியவள். பன்னிரண்டைத் தவறவிட்டால் அடுத்து முள் சேருவது ஒன்று ஐந்துக்கு, அதுவும் மேலே அல்ல.

கதவை உதைத்துப் பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரரின் முன்னோர்கள் மரத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முகத்தில் அவளுடைய பழைய சட்டைகள் உரசின, வேலைக்குப் போன காலத்தில் போட்டவை, இடுப்பில் இப்போது ஏறாதவை. பக்கத்தில் வக்கீலுக்குச் சிறுத்துப்போய் சுண்டெலிக்கு இன்னும் பெரிதாக இருக்கிற கவுன்கள். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்ததில்லை. கழிவறைக் கதவைச் சாத்தினால்கூட அடியில் நான்கு விரல் வந்து ஆடும். ஒரு பழத்தை முழுசாகத் தின்றதில்லை, பிள்ளைகள் கடித்து வைத்த மிச்சம்தான் அவள் பங்கு. தனியாக ஒரு மணி நேரம் கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்று எத்தனையோ நாள் கணக்குப் போட்டிருக்கிறாள். இப்போது கிடைத்திருக்கிறது, வெளியே போட்ட பூட்டோடு. அது சிரிப்பதற்கான விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சிரிக்க வரவில்லை. வெளியே இருந்தபோதும் இப்படித்தான் இருந்தோம், அங்கே கதவு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

வெளியே ஊமைக் கார்ட்டூன் சுண்டெலிக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. நான் திறக்கிறேன் என்று சாவிக்கு வந்தாள். வக்கீல் தடுத்தாள். இழுபறி நடந்தது, கதவில் முதுகு சாய்கிற சத்தம் கேட்டது. “என் உயிர வாங்காத, ஒரு எடத்துல உக்காரு,” என்றது வக்கீலின் குரல். அது அவளுடைய வாக்கியமேதான், இழுப்பு உட்பட. கேட்க நன்றாக இல்லை.

பிறகு வக்கீல் கிசுகிசுப்பாகக் கதை சொன்னாள். தங்கைக்குத் தண்ணீர் வேண்டும் என்றபோது மேஜைமேல் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்றாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். அம்மா அத்தனையையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தான் இல்லாமலே வீடு நடக்கிறது என்பதில் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் எரிச்சல்.

பதினொன்று முக்கால் இருக்கும். தரையில் தட் தட் என்று கால் சத்தம் ஆரம்பித்தது. ஒரே இடத்தில், வேகமாக, நின்று நின்று. பெரியவள் நடனமாடுகிறாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஒருத்தியின் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது, வெளியே மகாராணி ஆடிக்கொண்டிருக்கிறாள். கதவு திறக்கட்டும், முதுகில் இரண்டு வைக்கிறேன் என்று பல்லைக் கடித்தாள். சத்தம் கொஞ்ச நேரம் கூடிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வக்கீல், “சுண்டெலி, இந்தப் பக்கம் வராத, ஈரம்,” என்று சொன்னாள். தண்ணீர்க் குடத்தையும் கவிழ்த்துவிட்டார்கள் என்று அம்மா அந்த இரண்டை நான்காக்கினாள்.

பன்னிரண்டு. கருவியில் எண் மாறியது. ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு ஒன்று ஆகப்போகிற நேரத்தில் சாவி திரும்பியது.

வெளிச்சத்தில் கண் கூசியது. கையை ஓங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். எதிரே வக்கீல் நின்றாள். கவுனின் முன்பக்கம் முழுக்க நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. கால் வழியாக இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. ஏழு வயதுப் பெண். இரண்டரை வயதுக்குப் பிறகு படுக்கையைக்கூட நனைக்காதவள். தான் நகர்ந்தால் சுண்டெலி சாவியைத் திருப்பிவிடுவாள் என்று நகராமல் நின்றிருக்கிறாள். அந்தத் தட் தட் நடனமல்ல என்று அம்மாவுக்குப் புரிந்தது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“முள்ளு சேந்துடுச்சும்மா,” என்றாள் வக்கீல். அழவில்லை.

இங்கே அம்மா அவளை வாரி அணைத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அப்படிச் செய்யவில்லை. “அங்கயே நில்லு. அசையாத. அஞ்சு நிமிஷம்,” என்றாள். ஈரத்தைத் தாண்டிக் குதித்துக் கூடத்துக்கு ஓடிக் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அது தன் வழக்கப்படி யோசித்தது. கருவியைச் செருகி, பதிவைத் தேடி எடுத்து, அனுப்பு என்பதை அழுத்தியபோது பன்னிரண்டு நான்கு. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

அதற்கு மேல் அவள் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கோடு தானாகப் போகும். எழுந்து போய் ஒரு துண்டை எடுத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியும், அப்போதே தெரியும். ஆனால் எழுந்தால் கோடு நின்றுவிடும் என்பது போல மவுசின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியிலிருந்து பார்த்தால் படுக்கையறை வாசல் வழியாக வக்கீல் தெரிந்தாள். சொன்ன இடத்தில், அசையாமல், இரண்டு கையாலும் கவுனை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரையை மட்டும் பார்த்தாள்.

பன்னிரண்டு ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிஷமே சுண்டெலி அதிர்கிற போனைக் கொண்டுவந்து நீட்டினாள். சவுண்டுக்காரர். கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டே பேசினார். இரண்டு மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தாராம், பிரமாதமாக இருக்கிறதாம்.

“ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல மேடம். வீட்ல யாருமே இல்லையா?”

“இருக்காங்க சார்,” என்றாள் அவள். “ரெண்டு பேரு இருக்காங்க.”

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நிறைய வரிகள் தேவைப்படுமாம், இந்த மாசம் முழுக்கத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வேலை இருக்குமாம், இதே மாதிரி அமைதி வேண்டுமாம். முடியுமா என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக யாரும் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்கவில்லை. முடியும் சார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். போனை வைத்தாள். சந்தோஷம்தான். சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வக்கீலைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கவுனைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். சுண்டெலி வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“நான் கதவத் தொறக்கவே இல்ல, பாத்தியா?” என்றாள் வக்கீல்.

“பாத்தேன்.”

“சுண்டெலி ரெண்டு தடவ வந்தா. நான் விடல. நீ அழுதப்பகூட ஏமாறல.”

“ஆமா, கண்ணு. நீ ஒரு தப்பும் பண்ணல. அப்படிச் சொல்லிக் குடுத்தது என் தப்புதான்.” சொல்லிவிட்டுக் குழந்தையின் கால்களைத் துடைக்கத் தொடங்கினாள். அதோடு முடிந்தது, இனிமேல் சாவியைத் தொட வேண்டாம், அம்மா வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்த வாக்கியம் வரிசையில் நின்றது. வேறு வழி என்ன என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒன்று இருந்திருந்தால் அலமாரிக்குள்ளேயே போயிருக்க மாட்டாள்.

வக்கீல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கும் நான் நிக்கணுமாம்மா?”

கையில் இருந்த துண்டு நின்றது.

“நாளைக்கு முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வந்து நின்னுக்கலாம்,” என்றாள் அம்மா.

வக்கீல் அதைக் கொஞ்ச நேரம் எடைபோட்டுப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

“சரிம்மா. காலைல தண்ணியும் குடிக்காம இருக்கேன்,” என்றாள்.